திரும்பி வரக் கற்றுக்கொடுத்த கேப்டன்

மரியாதைக்குரிய அருட்தந்தை மார்ட்டின் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் நம் பள்ளியின் கணினி ஆசிரியை சோஃபி லார்சன் அவர்களே, குஸ்கோக்விம் ஆற்றின் மேலும் கீழும் உள்ள ஊர்களிலிருந்து வந்து இந்தப் பள்ளிக்கூட அரங்கை நிறைத்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, பனி ஒட்டிய பூட்ஸோடு விமானத் திடலிலிருந்து நேரே வந்து பின்னால் நிற்கும் என் சக விமானிகளே, அனைவருக்கும் ஹார்லனின் வணக்கம்.

நம் கேப்டன் மட்ரோனா வாஸிலி மறைந்துவிட்டார். எப்படி மறைந்தார்? எழுபது வயதைத் தாண்டி, ஆஸ்பத்திரிக் கட்டிலில், மகளின் கையைப் பிடித்தபடி மறைந்தார். போன வாரம் பார்க்கப் போயிருந்தேன்.

"என்ன ஹார்லன், மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு வந்திருக்க? கட்டில்ல படுத்துச் சாகப்போற விமானி நான். நம்ம ஊர்ல எத்தன பேருக்கு இது வாய்ச்சிருக்கு? பொறாமைப்படுய்யா!"

இருமிக்கொண்டே சிரித்தார். அப்படிப்பட்டவருக்கு நான் அழுது பேசினால் அவருக்குப் பிடிக்குமா? பிடிக்காது!

நண்பர்களே, நம் ஊர்களுக்குச் சாலை உண்டா? ரயில் உண்டா? குழந்தையின் பால் பவுடரும் பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணும் ஒரே சின்ன விமானத்தில்தான் போக வேண்டும். அப்படி ஒரு விமானத்தை ஓட்டிப் போனபோதுதான் நம் விமானி கார்ல் ஹென்ரிக் இறந்தார். உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். மலைக்கு அந்தப் பக்கத்து ஊருக்குத் தபால் எடுத்துப் போனார். மலைக்குள் நுழையும் இடத்தில் இரண்டு பள்ளத்தாக்குகள், இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. இடது பக்கத்தது ஏரியில் போய்த் திறக்கும். வலது பக்கத்தது பாறைச் சுவரில் முட்டி நிற்கும். அன்று தரையில் பனியும் வெள்ளை, மேலே மேகமும் வெள்ளை. கார்ல் வலது பக்கம் நுழைந்துவிட்டார்.

கார்ல் திறமை இல்லாதவரா? இல்லை! எஞ்சின் பழுதா? இல்லை! அவரை அடக்கம் செய்த அன்று எல்லோரும் சொன்னோம், "மலை எடுத்துக்கிச்சு" என்று. மட்ரோனா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"மலை யாரையும் எடுக்கல. அது எப்பவும் நிக்கிற எடத்துலதான் நிக்குது. நமக்குத்தான் அதப் பாக்கத் தெரியல. கத்துக்கலாம்."

சொன்னதோடு விட்டாரா? விமானத்தின் மூக்கில் கேமராவைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு கணவாய்க்குள்ளும் போனார். கோடையில் போனார், பனியில் போனார், வெளிச்சம் மங்கும் நேரத்தில் போனார். அந்தப் படங்களையும் நில அளவைக் கணக்குகளையும் வைத்து, இதோ அமர்ந்திருக்கும் சோஃபி, நம் மலைகளை அப்படியே கணினிக்குள் எழுப்பினார். விமானக் கொட்டகையின் மூலையில் மூன்று திரைகள், நடுவே உடைந்த விமானத்திலிருந்து கழற்றிய இருக்கை. அதில் உட்கார்ந்து திரையிலேயே விமானம் ஓட்டிப் பழகலாம். திரையில் மூடுபனியைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு. அந்தத் திருகு எப்போதும் மட்ரோனாவின் கையில்தான். பையிலிருந்து எடுத்த காய்ந்த சால்மன் மீன் துண்டைக் கடித்துக்கொண்டே பனியைக் கூட்டுவார். அந்த இருக்கையில் இன்றைக்கும் மீன் வாசம் போகவில்லை!

நம் மூத்த விமானி ரெக்ஸ் டாலிவர் மூன்றாம் வரிசையில் இருக்கிறார். அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன்.

"வீடியோ கேம் ஆடுற வயசா மட்ரோனா எனக்கு? கண்ணக் கட்டி விட்டாலும் இந்த மலையத் தாண்டுவேன்" என்றார் ரெக்ஸ்.

"கண்ணெல்லாம் கட்டல. கொஞ்சம் பனி மட்டும் விடுறேன். உக்காரு."

உட்கார்ந்தார். விமானிகள் எல்லோரும் பின்னால் கூடிவிட்டோம். மட்ரோனா திருகைத் திருப்பினார். ரெக்ஸ் நேராக வலது பள்ளத்தாக்குக்குள் போனார். பாறை வந்தது. திரை இருண்டது. ஒருவரும் சிரிக்கவில்லை, எங்கள் எல்லோருக்கும் கார்ல் ஞாபகம்.

"உன் மெஷின் பொய் சொல்லுது!"

"பொய்யாவே இருக்கட்டும். இங்க மோதினா எழுந்து மறுபடியும் உக்காரலாம். அங்க மோதினா முடியுமா?"

தொப்பியை வீசிவிட்டு ரெக்ஸ் வெளியேறினார். மறுநாள் காலை யாரும் வருவதற்கு முன்னால் அவரே வந்து அந்த இருக்கையில் உட்கார்ந்திருந்தார். மட்ரோனா ஒரு வார்த்தைகூடக் குத்திக்காட்டவில்லை. இரண்டு பள்ளத்தாக்குகளும் பிரிவதற்கு முன்னால், ஓடை வளையும் இடத்தில் இடது பக்கத்துக் கரும்பாறை தெரிய வேண்டும். தெரியாவிட்டால் திரும்பு, திரும்ப இடம் இருக்கும்போதே திரும்பு. இதைத்தான் கைக்குப் பழகும்வரை செய்யவைத்தார்.

அடுத்த குளிர்காலம். பள்ளியின் கூடைப்பந்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு ரெக்ஸ் போட்டிக்குப் போகிறார். வழியில் மேகம் இறங்கிவிட்டது. ரேடியோவில் நான் இருந்தேன். பின்னால் அந்தப் பெண்கள் "போங்க அங்கிள், மேட்ச் போயிரும்!" என்று கத்துவது எனக்கே கேட்டது.

"ஹார்லன், ஓடை வளைவுக்கு வந்துட்டேன். பாறை தெரியல. திரும்புறேன்."

வந்து இறங்கினார்கள். பெண்கள் அழுதார்கள். ஒரு தகப்பனார் ரெக்ஸின் சட்டையைப் பிடிக்கப் போனார். நடுவில் மட்ரோனா வந்து நின்றார்.

"உங்க பொண்ணு இப்ப கோவமா அழுதுட்டு நிக்கிறா, பாருங்க. கோவப்பட அவ இருக்கா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

அந்த மனிதர் மகளைப் பார்த்தார். அப்படியே கட்டிக்கொண்டார். இதைவிடப் பெரிய பாராட்டுப் பத்திரம் ஒரு விமானிக்கு உண்டா? கார்லுக்குப் பிறகு அந்தப் பள்ளத்தாக்கில் நாம் ஒருவரையும் இழக்கவில்லை. ஒருவரையும் இழக்கவில்லை!

மட்ரோனா மகானா என்று கேட்டால், இல்லை. பிங்கோ ஆட்டத்தில் தோற்றால் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேச மாட்டார். பயிற்சியில் தவறு செய்தால் அவர் திட்டும் திட்டை அருட்தந்தை முன்னால் சொல்ல முடியாது. ஆனால் அவரிடம் திட்டு வாங்கியவர்கள் எல்லோரும் இதோ, உயிரோடு நிற்கிறார்கள்.

கேப்டன் அவர்களே, உங்கள் வேலை நிற்காது. மேலாற்று ஊர்களின் கணவாய்களையும் சோஃபியும் நாங்களும் திரைக்குள் கொண்டுவருவோம். அந்த இருக்கையில் உட்கார்ந்து தேறாத எவரும் இங்கே பயணி ஒருவரை ஏற்றிக்கொண்டு பறக்க மாட்டார். இது இந்தச் சபையில் விமானிகள் எல்லோர் சார்பிலும் நான் கொடுக்கும் வாக்கு.

கடைசியாக ஒன்று. கேப்டனின் தங்கை அனஸ்தாசியா ஏன் வரவில்லை என்று பலர் கேட்டீர்கள். மலைக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து இன்று காலை புறப்பட்டார். மலை வாசல்வரை வந்த விமானம் திரும்பிவிட்டது. ஓட்டி வந்தது, மட்ரோனா கடைசியாகப் பயிற்சி கொடுத்த பெண். தொலைபேசியில் அழுதாள்.

"மன்னிச்சிருங்க சார். அவங்க அக்காவோட அஞ்சலிக் கூட்டம்னு தெரியும். தெரிஞ்சும் திரும்பிட்டேன்."

அனஸ்தாசியா போனை வாங்கினார். "ஹார்லன், இந்தப் பொண்ண யாரும் ஒரு வார்த்த சொல்லக் கூடாது. அக்கா சொல்லிக் குடுத்ததத்தான் செஞ்சிருக்கா. நீங்க கூட்டத்த நடத்துங்க. மேகம் கலஞ்சதும் நான் வரேன்."

முன்வரிசையில் அனஸ்தாசியாவுக்குப் போட்ட நாற்காலி காலியாக இருக்கிறது. இருக்கட்டும். எல்லோரும் எழுந்து நில்லுங்கள். கேப்டன் மட்ரோனா வாஸிலிக்கு நாம் செலுத்தும் முதல் மரியாதை அந்தக் காலி நாற்காலிதான்.