சுமலதா வாடக்கூடாது

ரோஜாவை விடிந்ததும் வெட்டிவிட வேண்டும், சார். வெயில் ஏறிவிட்டால் அன்றைக்கே அதற்குக் கிழடு தட்டிவிடும். ஓசூர்ப் பக்கம் பூப்பண்ணையில் வேலை செய்யும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வெட்டிய கையோடு குளிர் அறையில் வைத்தால், பாதி விரிந்த மொட்டு நாள்கணக்கில் அப்படியே இருக்கும். எங்கள் பண்ணையில் அந்த அறைக்கு நான்தான் பொறுப்பு. சென்னப்பன் கையில் ஒரு பூ வீணானது என்று யாரும் சொன்னதில்லை.

என் மனைவி சுமலதாவுக்கு நாற்பத்திரண்டு வயதில் முன்நெற்றியில் ஒரு நரை வந்தது. கண்ணாடியைப் பார்த்து அவள் சிரித்தாள். இவள் எனக்கு முன்னால் போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்று அன்றுதான் பயம் பிடித்தது. போனில் தேடித்தேடிப் பார்த்தேன். எலிக்குத் தீனியைக் குறைத்தால் ஆயுசு கூடுகிறதாம். குளிர்ந்த உடம்பு மெதுவாகத்தான் மூப்படையுமாம். இதற்கு எதற்கு விஞ்ஞானி? எங்கள் பண்ணைக்கு வந்திருந்தால் நானே சொல்லியிருப்பேன்.

முதலில் அவளும் விளையாட்டாக ஒத்துக்கொண்டாள். "நூத்தியிருவது வயசு வரைக்கும் உங்களுக்குக் களி கிண்டணுமா? சாமி, ஆளை விடுங்க" என்று கேலி பேசினாள். மத்திகிரி வாடகை வீட்டின் பின்னறையில் பழைய ஏசி ஒன்றை மாட்டினேன். ஜன்னலைத் தெர்மாகோலால் அடைத்தேன். காலையில் அரை டம்ளர் கஞ்சி, சாயங்காலம் வெள்ளரிக்காய். நான் மட்டும் இரண்டு வேளையும் களி தின்றேன். பார்த்துக்கொள்கிறவன் தெம்பாக இருக்க வேண்டுமே.

தை மாசம் அவள் பேச்சு மாறியது. "ஏங்க, குளிருது. ஒரு உருண்டை களி குடுங்க. நான் கிழவியாவே ஆயிட்டுப் போறேன்" என்று அழுதாள். கதவுக்கு வெளியே உட்கார்ந்து நானும் அழுதேன். ஆனால் பூ கேட்கிறது என்று குளிர் அறையைத் திறந்துவைப்பார்களா? வெளியே தாழ்ப்பாள் போட்டேன். கத்தினால் தெம்பு வீணாகும் என்று சொன்னேன், கேட்கவில்லை. அதனால் கஞ்சியையும் நிறுத்தினேன்.

பக்கத்து வீட்டுச் செல்லி அக்கா விசாரித்தபோது, வேப்பனப்பள்ளிக்கு அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றேன். பெங்களூரில் படிக்கும் மகள் தர்ஷினி போன் செய்தால், அம்மா தூங்குகிறாள் என்றேன். அது பொய்யில்லை. கடைசியில் அவள் தூங்கிக்கொண்டுதான் இருந்தாள். கதவைத் தட்டுவது நின்றதும் எனக்கு நிம்மதியாகிவிட்டது. உடம்புக்குப் பழகிவிட்டது என்று நினைத்தேன்.

நேற்று தர்ஷினி உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். உங்கள் ஏட்டையா உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இந்தப் பாட்டிக்கு எத்தினி வயசிருக்கும்மா?" என்று என் மகளிடம் கேட்டார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை, சார்.

ஆமாம், தாழ்ப்பாள் போட்டது நான்தான். சாப்பாட்டை நிறுத்தியதும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஏட்டையா அவளைப் பார்த்தது கதவைத் திறந்த பிறகு. திறக்காதீர்கள் என்று உங்கள் காலில் விழுந்து சொன்னேன். அதுவரைக்கும் அவளுக்கு நாற்பத்திரண்டு வயதுதான்.