நெனிதா ஆன்ட்டி கடையில் பெண் பார்த்த கதை

வான்மதி: இங்கயே உட்காரலாமா சபரிநாதன்? ஜன்னல் பக்கம் வேண்டாம்.

சபரிநாதன்: ஏங்க... ஜெர்சி சிட்டில, ஒரு பிலிப்பினோ கடைல, நம்மள யாரு பாக்கப்போறா?

வான்மதி: பொண்ணு பாக்க வந்தவர் மாதிரியே பேசலையே. கொஞ்சமாவது பயப்படணும் நீங்க.

சபரிநாதன்: பயமாத்தான் இருக்கு. ஒய்டூகே ப்ராஜெக்ட்ல கூட இவ்வளவு பயந்ததில்ல. மான்மவுத் ஜங்ஷன்லேர்ந்து வர்றதுக்குள்ள ரெண்டு எக்ஸிட் மிஸ் பண்ணிட்டேன்.

வான்மதி: நான் என்ன அவ்வளவு பயங்கரமாவா இருக்கேன்?

சபரிநாதன்: நீங்க இல்லைங்க, உங்க அப்பா. திருநெல்வேலிலேர்ந்து போன் பண்ணி முதல் கேள்வியே... தம்பி, முட்டை தொடுவீங்களான்னு.

வான்மதி: நீங்க என்ன சொன்னீங்க?

சபரிநாதன்: கேக் கூட எக்லெஸ்தான் அங்கிள்னேன். உடனே போனை வச்சுட்டார். சந்தோஷத்துல பேச்சு வரல போல.

வான்மதி: ம்... போல.

சபரிநாதன்: உங்க வீட்லயும் அப்படித்தானே?

வான்மதி: எங்க ஃப்ரிட்ஜ்ல முட்டை வைக்கிற குழில எலுமிச்சம்பழம்தான் இருக்கும்.

சபரிநாதன்: அடேயப்பா. எங்க அம்மா கேட்டா கோயம்புத்தூர்லேர்ந்தே கும்பிடுவாங்க.

வான்மதி: நாளைக்கு ரெண்டு வீட்டுக்கும் போன் பண்ணி சரியா, வேண்டாமான்னு சொல்லியாகணும். அதனால ஒழுங்கா சைவமா ஏதாவது சாப்பிட்டுட்டுக் கிளம்பிடலாம்.

சபரிநாதன்: அப்புறம் எதுக்குங்க இந்தக் கடைய சொன்னீங்க?

வான்மதி: ஆபீஸ்ல ஒருத்தி நல்லா இருக்கும்னு சொன்னா. நீங்களும் பேரைக் கேட்டதும் சரின்னுட்டீங்களே. முன்னாடி வந்திருக்கீங்களா?

சபரிநாதன்: சேச்சே. பார்க்கிங் ஈஸியா கிடைக்கும், அதான்.

வான்மதி: வராத கடைக்குப் பார்க்கிங் ஈஸின்னு எப்படித் தெரியும்?

சபரிநாதன்: ...லஸ்வா சொல்லலாமா? முருங்கைக்கீரை, வெண்டைக்காய், பூசணிக்காய். மெனு கார்டுல காய்கறி சூப்னு போட்டிருக்கு.

வான்மதி: அதுல இறால் போடுவாங்க.

சபரிநாதன்: கார்டுல இறால் இல்லையே.

வான்மதி: வாசனை வருது.

சபரிநாதன்: நாம இன்னும் ஆர்டரே பண்ணலீங்க.

வான்மதி: அடுத்த டேபிள்லேர்ந்து வருது. பாருங்க, அந்தக் கிண்ணம்.

சபரிநாதன்: அது பாச்சோய்ங்க. நூடுல்ஸ், ஈரல், குடல், மேல பொரிச்ச பன்னித்தோல், பூண்டு...

வான்மதி: இங்கேர்ந்தே குடல் தெரியுதா உங்களுக்கு?

சபரிநாதன்: கண்ணாடி புதுசு.

வான்மதி: சரி, பலாக்காயும் துவரையும் போட்டு ஒரு குழம்பு இருக்கு. நம்ம சாம்பாருக்குப் பக்கத்து வீடு.

சபரிநாதன்: பன்னிக்கால் இல்லாம ஆன்ட்டி அதை வைக்கவே மாட்டாங்க. புளிப்புக்கு மட்டும் அவங்க ஊர்க் காய் ஒண்ணு, நம்ம கொடம்புளிக்குச் சொந்தம் மாதிரி...

வான்மதி: எந்த ஆன்ட்டி?

சபரிநாதன்: பொதுவா சொன்னேங்க. பிலிப்பினோ ஆன்ட்டிங்க.

வான்மதி: பிலிப்பினோன்னு மொத்தமா சொன்னா கோவிச்சுக்குவாங்க. அவங்க ஊரு இலோய்லோ. அந்த ஊர்ச் சமையலை இலோங்கோ சமையல்னு சொல்லணும்.

சபரிநாதன்: யாரு கோவிச்சுக்குவா?

வான்மதி: ...பொதுவா.

சபரிநாதன்: ம்.

வான்மதி: சோறு வந்தாச்சு. பேசாம இதையே... என்ன பண்றீங்க?

சபரிநாதன்: வெறும் சோறா இருக்கேன்னு, இந்த பாட்டில்லேர்ந்து கொஞ்சம் எண்ணெய்...

வான்மதி: ரசத்துக்குப் பாத்தி கட்டற மாதிரி நடுவுல குழி பண்ணி ஊத்தறீங்களே, அது என்னன்னு தெரியுமா?

சபரிநாதன்: சிவப்பா இருக்கு. இட்லிப்பொடிக்கு ஊத்தற மாதிரி ஏதோ...

வான்மதி: கோழிக் கொழுப்பு. அங்க அடுப்புல சுடறாங்களே, அந்தக் கோழி மேல தடவறது.

சபரிநாதன்: ஐயையோ.

வான்மதி: ஐயையோன்னுட்டு பிசையறீங்க.

சபரிநாதன்: கை தானா போகுதுங்க.

வான்மதி: வாயும் தானா திறக்குது.

சபரிநாதன்: வான்மதி, ஒண்ணு சொல்லிடறேன். உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு, அதனால பொய் சொல்லி ஆரம்பிக்க மனசு வரல. கேட்டுட்டு வேண்டாம்னாலும் சரி. நான் வாராவாரம் வெள்ளிக்கிழமை இங்கதான். இதே டேபிள். பாச்சோய், அப்புறம் சுட்ட கோழி, அப்புறம்...

வான்மதி: வெள்ளிக்கிழமை கூட்டமா இருக்குமே. செவ்வாய்க்கிழமை வாங்க, நல்லி எலும்பு பெருசா போடுவாங்க.

சபரிநாதன்: ஃப்ரிட்ஜ்ல எலுமிச்சம்பழம்னு...

வான்மதி: எலுமிச்சம்பழம் இருக்குன்னுதான் சொன்னேன். எது மேல பிழியறேன்னு நீங்க கேக்கலையே.

சபரிநாதன்: வாசல்ல நெனிதா ஆன்ட்டி உங்களைப் பாத்து, "வெல்கம் மேடம், முதல் தடவையா"ன்னு கேட்டாங்களே!

வான்மதி: என்னைத் தெரியாத மாதிரி இருங்கன்னு நேத்து வந்து கெஞ்சினேன்.

சபரிநாதன்: நான் காலைல போன்ல கெஞ்சினேன்.

வான்மதி: நீங்களுமா... அதான் நம்மளை உட்கார வச்சுட்டு கிச்சனுக்குள்ள அப்படி ஓடினாங்களா.

சபரிநாதன்: உள்ள தட்டு விழுந்த சத்தம் கேட்டுச்சே, அது சிரிப்புலதான்.

வான்மதி: இருங்க... எனக்கு வயிறு வலிக்குது...

சபரிநாதன்: தண்ணி குடிங்க. மூக்குல ஏறிடப்போகுது.

வான்மதி: சொல்றப்பவே ஏறிடுச்சு.

சபரிநாதன்: சிரிச்சது போதுங்க. நமக்குள்ள சரி, உங்க அப்பாவுக்கு என்ன பதில்? எக்லெஸ் பையன் கோழிக் கொழுப்புல சோறு பிசைஞ்சான்னு தெரிஞ்சா என்னை வேண்டாம்னு சொல்லிட மாட்டாரா?

வான்மதி: அவர் ஏற்கெனவே வேண்டாம்னு சொல்லிட்டார்.

சபரிநாதன்: என்னது... எப்ப?

வான்மதி: எக்லெஸ்னு சொன்னீங்களே, அன்னிக்கே. உங்க போட்டோ எனக்குப் பிடிச்சுப்போச்சு. நேர்ல ஒரு தடவை சோதிச்சுட்டுச் சொல்றேன்னு நான்தான் அடம்பிடிச்சு வந்திருக்கேன்.

சபரிநாதன்: புரியலைங்க. முட்டை தொடாத பையனை அவர் எதுக்கு வேண்டாம்கறார்?

வான்மதி: போன வருஷம் அம்மாவோட அமெரிக்கா வந்திருந்தப்ப, தினம் சாயங்காலம் வாக்கிங் போறேன்னுட்டு இங்கதான் வந்து உட்கார்ந்திருந்தார். முட்டையே தொடாத மாப்பிள்ளைன்னா, அடுத்த தடவை மான்மவுத் ஜங்ஷன்லேர்ந்து உங்கம்மாவுக்குத் தெரியாம என்னை யாரும்மா இங்க கூட்டிட்டு வருவான்னு கேக்கறார்.