பாட்டிலா, பட்டாணியா

அடுத்தவர் வீட்டுத் துக்கத்தை எழுதலாமா என்று பல வருஷம் தயங்கினேன். இப்போது அம்மன் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு எழுதுகிறேன்.

ஆரணியில் தேவிகாபுரம் பஸ் ஏறினேன். முன் சீட்டில் ஓர் அண்ணனும் தங்கையும் இருந்தார்கள். மறுநாள் அவர்கள் அப்பாவுக்குக் கருமாதி.

"பாட்டில் வைக்கலன்னா காக்கா சோறு தொடாதும்மா," என்றார் அண்ணன். மடியில் பாட்டில் இருந்த பையை இப்படியும் அப்படியும் மாற்றிக்கொண்டே இருந்தார்.

"அவருதான் குடிய விட்டுட்டாரேண்ணா."

"செத்தவருக்குப் பிடிச்சதத்தான் படைக்கணும். இல்லாட்டி ஆசையோட அலைஞ்சிகினு இருப்பாரு."

"நீ கோவிச்சிகினு பெங்களூரு போனப்போ குடிச்சிகினு இருந்தாரு. அந்த அப்பாவுக்குத்தான் நீ படைக்கற. அப்புறம் கோயில்ல சத்தியம் பண்ணி வுட்டாரு. கையெல்லாம் நடுங்கும். குடி நெனப்பு வந்தா வறுத்த பட்டாணிய வாயில போட்டுக்குவாரு. பல்லு போயிடும்ப்பான்னா, 'போனா போவட்டும், உங்கண்ணன் வந்தா நாத்தமில்லாத வாயோட பேசணும்'பாரு."

அண்ணன் தங்கை பக்கம் திரும்பினார்.

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"நீ ஃபோன எடுத்தாதானே சொல்றதுக்கு?"

தேவிகாபுரம் வந்தது. அவர் பையைத் தங்கையிடம் கொடுத்தார்.

"இத நீயே கொட்டிடும்மா. அவரு எந்தக் கடையில பட்டாணி வாங்குவாரு?"

"கோயில் தெரு முனையில."

இருவரும் அந்தப் பக்கம் நடந்தார்கள்.

படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஒரு வார்த்தை கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.