பேர் வைக்காத கன்னு

கைய எடுக்காதீங்க தங்கச்சி, கடிக்காது. உப்பு ருசிக்குத்தான் நக்குது. காலையிலேருந்து வெயில்ல அலஞ்சிருக்கீங்கல்ல, வேர்வை. நாலு மாசக் கன்னு, அதுக்கென்ன தெரியும். பேரா? இன்னும் வைக்கல. டீயக் குடிங்க, ஆறிடும்.

என்ன கேட்டீங்க, ஊர்ப் பொதுவுல வேலி போட்ட புல்லு அடைப்புக்குள்ள மொளச்சிருக்கறதப் பாத்தேனான்னா? பாக்காம என்ன. எத்தனைன்னீங்க? நானூத்துப் பன்னெண்டா? யா அல்லா! எண்ணி எண்ணி எழுதுறதுதான் ஒங்க வேலை, சரியாத்தான் இருக்கும். சனியன் புடிச்ச சீமைக் கருவேலம். எங்க கட்ச் பக்கம் அதுக்குப் பேரே கிறுக்கு வேலம். நெலத்துல உப்பு பரவாம தடுக்கும்னு எங்கப்பா காலத்துல வெதச்சாங்களாம். அது உப்பத் தடுத்துச்சோ இல்லியோ, புல்ல முழுங்கிடுச்சு. எங்கப்பாகிட்ட அறுவது பசு நின்னுச்சு தங்கச்சி. அந்த மரத்து நெத்த தின்னு தின்னு வயிறு கட்டி, ஒண்ணொண்ணா சாஞ்சிடுச்சு. எருமைதான் தாக்குப்புடிக்குது. அதுவும் சதையத்தான் செரிக்கும், கொட்டை அப்படியே சாணியில வந்துடும். ஒரு மழை பெஞ்சாப் போதும், சாணி விழுந்த எடமெல்லாம் கொத்துக் கொத்தா முள்ளு.

ஒங்களுக்குத் தெரியாததா, எனக்குத் தெரியாததா. அந்த அடைப்ப சுத்தம் பண்ண மூணு வருசம் ஊரே கெடந்து மாரடிச்சோம். இந்தக் கையப் பாருங்க, கட்டைவெரல்ல இன்னும் ஒரு முள்ளு உள்ளயே நிக்குது. ஆனா புல்லு வந்துச்சுல்ல! தாமண் புல்லு இடுப்பு ஒசரம். கௌதாரி வந்துச்சு, முயல் வந்துச்சு. நான் சின்ன வயசுல பாத்தது. அழுதுட்டேன், சிரிக்காதீங்க.

அப்பத்தான் ஊர்க் கட்டுப்பாடு போட்டோம். நெத்து தின்ன மாட்ட எட்டு நாள் கட்டிப்போட்டு, வயிறு காலியானப்புறம்தான் அடைப்புக்குள்ள விடணும். மீறுனா மூணு வருசத்துக்கு அந்த வீட்டு மாடு உள்ள காலே வைக்கக்கூடாது. யாரு சொன்னதுன்னு நெனக்கிறீங்க? நான்தான். பள்ளிவாசல் முன்னாடி எந்திரிச்சு நின்னு பெரிய இவனாட்டம் சொன்னேன். இஸாக் காக்கா சொன்னா சரின்னு எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க.

ஆமா, கட்டுப்பாட்ட மீறி மாட்ட உள்ள விட்டது ஜூசப்தான்னு சொல்றாங்க. அவன் வீடுதான் அடைப்போட வாசப் படலுக்குப் பக்கம். எங்க எருமைங்க ராத்திரி தானா மேயப் போயிட்டு, விடிஞ்சா பால் கறக்க தானா வீடு திரும்பும், கூட ஆள் போறதில்ல. அதனால அவன் மாடுதான் நொழஞ்சிருக்கும்னு ஒரே பேச்சு. அவனுக்கு வாயி வேற நீளம், பரிஞ்சு பேச ஒரு நாதியில்ல. நாளைக்குத் தொழுகை முடிஞ்சு கூட்டம். நீங்க கணக்கப் படிச்சதும் தீர்ப்பு சொல்லிடுவாங்க. நாப்பது எருமைய வச்சுக்கிட்டு புல்லு இல்லாம மூணு வருசம் எப்படி ஓட்டுவான்? பொண்டாட்டி வீட்டுப் பக்கம் போயிடலாம்னு சட்டி பானையக் கட்டுறாங்க. போன கூட்டத்துல எல்லாரும் என் மூஞ்சியப் பாத்தாங்க. நானும் தலையாட்டிட்டேன்.

நேத்து வந்திருந்தான். நீங்க உக்காந்திருக்கற அதே கட்டில்தான். காக்கா, சத்தியமா என் மாடு போகல, நீங்களாவது சொல்லுங்கன்னான். டீ ஊத்திக் குடுத்தேன். குடிக்காமப் போயிட்டான்.

இல்ல தங்கச்சி, எழுதுறத செத்த நிறுத்துங்க. நீங்க படிச்சவங்க, எனக்கு ஒண்ணு சொல்லுங்க. நாப்பது எருமை நொழஞ்சா சாணி எப்படி விழும்? அங்கங்க செதறித்தானே? அந்த மொளை எப்படி நிக்குது? படல்லேருந்து ஒரே கோடா கெழக்கு மூலைக்குப் போகுது. அந்த மூலையில மட்டும் சுத்திச் சுத்தி ஏழெட்டுக் கொத்து. இது ஒரே ஒரு மாடு. நேராப் போயி, ஒரே எடத்துல ரொம்ப நேரம் படுத்துக் கெடந்த மாடு. நீங்களும் பாத்தீங்களா? பாத்துட்டுத்தான் மொதல்ல என் வீட்டுக்கு வந்தீங்களா?

இந்த வருசக் கோடை எப்படி இருந்துச்சுன்னு ஒங்களுக்குத் தெரியாது. ஒரு துளி இல்ல. நெத்தத் தவிர மாட்டுக்குப் போட ஒண்ணுமில்ல. இந்தா நிக்கிறாளே தளாவி, இந்தக் கன்னோட ஆத்தா, நெறமாசம் அப்போ. முள்ளு குத்தி வாயெல்லாம் புண்ணு. ரெண்டு நாளா எந்திரிக்கல. என் பொண்டாட்டி ஹவ்வா அது தலைய மடியில வச்சுக்கிட்டு என்னையே பாக்குறா. மூணாம் நாள் ஊர் பூரா கல்யாணத்துக்குப் போயிருந்துச்சு. மத்தியானம். ரெண்டு பேருமாத் தூக்கி நிறுத்தி, மெள்ள ஓட்டிட்டுப் போயி படலத் தொறந்தேன். நாலு வாய்தான், தின்னதும் கூட்டிட்டு வந்துடலாம்னு. அவ கெழக்கு மூலையில போயிப் படுத்துட்டா. சாணிய அள்ளிடலாம்னும் நெனச்சேன், கோணிகூட எடுத்துட்டுப் போனேன். அந்தப் புல்லுக்குள்ள எங்க போட்டுச்சுன்னே தெரியல. ஒரு கோணிதான் அள்ளுனேன்.

எங்க வீட்ல ஒரு வழக்கம் உண்டு. கன்னு எங்க பொறந்துச்சோ அந்த எடத்த வச்சுத்தான் பேரு. கொளத்தங்கரையில பொறந்ததாலதான் இவ தளாவி. இவ ஆத்தா வன்னிமரத்தடியில பொறந்தா, அவ பேரு கேஜ்டி. ஊர்ல எல்லாருக்கும் இது தெரியும். அதான் நாலு மாசமா யாரு கேட்டாலும் அப்பறம் அப்பறம்னு மழுப்பிக்கிட்டே இருக்கேன்.

நீங்க தடவுங்க, பரவால்ல. நாளைக்கு எல்லாரும் இருப்பாங்க, ஜூசப்பும் இருப்பான். நீங்க கணக்கப் படிச்சு முடிச்சதும் என்னக் கூப்புடுங்க. நான் எந்திரிச்சு இதுக்குப் பேரு வைக்கிறேன்.