எண் தெரிந்த ஒரே ஆள்

பனிக்கட்டியில் துளை போடுகிற இயந்திரம் வாங்கினால், அதைக் கடை வாசலிலேயே ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். நான் பார்க்கவில்லை. மீன் பிடிக்க உறைந்த ஏரிக்குக் கொண்டுபோய்ப் பொத்தானை அழுத்தினால், அது முனகியதே தவிரச் சுற்றவில்லை. எல்லாம் அதில் தொடங்கியதுதான். ஒழுங்கான இயந்திரமாக விற்றிருந்தால் கர்ட்டிஸ் இன்றைக்கும் கல்லாவில் நின்றுகொண்டிருப்பான்.

எழுதிக்கொள், தம்பி. நீ போலீஸாக இருந்தாலும் ராஜரின் மகன். உன் அப்பனோடு சேர்ந்து மரம் அறுத்தவன் நான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது.

இயந்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கர்ட்டிஸ் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வாங்கி ஓரமாக வைத்துவிட்டுச் சிரித்தான். பணத்தைத் திருப்பித் தருகிறபோது கடைக்காரன் சிரித்தால் அதில் என்னவோ இருக்கிறது.

"பாங்க் அட்டையிலதான் கட்டியிருக்கீங்க, பெரியவரே. அதுக்கே திருப்பி அனுப்பிடறேன். சரிபார்க்கக் கடைசி நாலு எண் மட்டும் சொல்லுங்க, போதும். முழுசா யார் கேட்டாலும் சொல்லிடாதீங்க" என்றான்.

எதற்கு நாலு? இன்றைக்கு நாலு கேட்கிறவன் நாளைக்கும் நாலு கேட்பான். அவனைச் சோதித்துப் பார்க்கலாம் என்று பதினாறையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

"ஐயோ, வேணாம் பெரியவரே, வேணாம்" என்று கையை நீட்டித் தடுத்தான். பேனாவைத் தொடவேயில்லை.

எழுதியிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. தாளை வாங்கி அடுப்பில் போட்டிருப்பேன். எழுதிக்கொள்ளாதவன் அதை எங்கே வைத்துக்கொள்வான்? தலைக்குள்தான். தலையை அடுப்பில் போட முடியுமா? நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

பணம் வந்து சேர ஒரு வாரம் ஆகும் என்றான். ஒரு வாரம் முழுக்க என் எண்ணைத் தலையில் வைத்துக்கொண்டு மதுக்கடை, தேவாலயம், முடிவெட்டும் கடை என்று சுற்றிவருவான். அவன் கடையைப் பூட்டும்வரை வண்டியில் காத்திருந்தேன்.

"ஏரியில என் குடிலுக்கு அடியில பெரிய மீன் ஒண்ணு சுத்துது. வந்து பாக்கிறியா?" என்று கேட்டேன்.

அவனுக்கு வர விருப்பமில்லை, முகத்திலேயே தெரிந்தது. ஆனால் மினசோட்டாவில் பிறந்தவன் எவன் முகத்துக்கு நேராக முடியாது என்பான்? "அப்படியா... சரி, ஒரு நிமிஷம் எட்டிப் பாத்துட்டு வந்துடறேன்" என்று வண்டியில் ஏறினான்.

ஏரிப் பனிமேல் வண்டியில் கட்டி இழுத்துப்போய் வைக்கிறதுதான் என்றாலும் என் குடில் நல்ல குடில். அடுப்பு, படுக்கை, மீன் பிடிக்கத் தரையில் துளை எல்லாம் உண்டு. அவன் குனிந்து துளைக்குள் பார்த்துக்கொண்டிருந்தபோது வெளியே வந்து பூட்டைப் போட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "பெரியவரே, கதவு ஒட்டிக்கிச்சு போல" என்று குரல் கேட்டது.

"ஒட்டல. பூட்டியிருக்கேன்."

"ஓ. சரி... ரொம்ப நேரம் ஆகுமா?"

"ஒரு வாரம்."

பாதுகாப்பு என்றால் இதுதான். ஒருவனிடம் எண்ணைச் சொன்னால் அவனையும் பத்திரப்படுத்த வேண்டும். எண் என்னிடம் இருக்கிறது, ஆளும் என்னிடம் இருக்கிறான். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

மறுநாள் அவனோடு உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் குடில் வெண்டல் வெளியே நின்று, "என்னப்பா, மீன் படுதா?" என்று கேட்டார். என் வாய் நிறைய இனிப்பு ரொட்டி. கர்ட்டிஸ்தான் பதில் சொன்னான். "பரவாயில்ல. குறைன்னு சொல்ல ஒண்ணுமில்ல." வெண்டல் போய்விட்டார். கர்ட்டிஸ் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். "அவர் கேட்டதும் வாய் தானா அப்படிச் சொல்லிடுச்சு" என்றான். நான் அவன் வாயைப் பொத்தவில்லை என்பதை எழுதிக்கொள். அதற்குப் பிறகு குடிலை வண்டியில் கட்டித் ஏரி நடுவில் இருக்கிற தீவுக்குப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். அங்கே காற்று குறைவு.

சொன்ன நாளில் பணம் வந்துவிட்டது. கடையை நான் குறை சொல்லமாட்டேன். அவனை அனுப்பிவிடலாம் என்று சாவியோடுதான் போனேன். போனவன் ஒரே ஒரு கேள்வி கேட்டேன், எண் நினைவிருக்கிறதா என்று.

"சத்தியமா இல்ல பெரியவரே. அன்னைக்கே மறந்துட்டேன்."

நினைவிருக்கிறவன் வேறு என்ன சொல்வான்? இருக்கிறது என்று சொல்லியிருந்தால், உண்மை பேசுகிறவன் என்று திறந்து விட்டிருப்பேன். அட்டையில் செல்லுபடியாகும் மாதம் போட்டிருக்கிறது, அது முடிந்தால் எண் செத்துவிடும், அப்போது போகலாம் என்றேன். எந்த வருஷம் என்று கேட்டான். சொன்னேன். படுக்கையில் உட்கார்ந்தவன் அன்றைக்கு எழுந்திருக்கவில்லை.

அவனைத் தேடப் போனபோது நானும் உங்களோடு வந்தேனே, தம்பி. காட்டில் தேடலாம் என்று சொன்னதே நான்தான். தேடினவர்களுக்கு அவன் பெண்டாட்டி லோர்னா தட்டுத் தட்டாக இறைச்சியும் உருளைக்கிழங்கும் வேகவைத்துக் கொடுத்தாள். என் பங்கில் பாதியை அவனுக்குத்தான் கொண்டுபோனேன். ஒரு வாய் வைத்ததுமே கண்டுபிடித்துவிட்டான். "உப்புப் போட மறந்துட்டா. ரொம்பக் கலங்கிப்போயிருக்கா" என்று சொல்லிவிட்டு மெதுவாகச் சாப்பிட்டான். மீதம் வைக்கவில்லை. அவனைப் பட்டினி போட்டேன் என்று எவனாவது சொன்னால் அது பொய்.

அந்தச் சமயத்தில்தான் பாங்க்கின் பாதுகாப்புப் பிரிவிலிருந்து டேனியல் என்று ஒருவர் போனில் கூப்பிட்டார். என் பணம் திரும்பி வந்ததில் ஒரு சிக்கல் இருக்கிறதாம், அவர் சரிசெய்து தருவாராம். முழு எண்ணும் கேட்டார். அட்டையின் பின்பக்க எண்ணும் கேட்டார். போனுக்கு வந்த ரகசிய எண்ணையும் கேட்டார். கொடுத்தேன். திருட வருகிறவன் கேட்டு வாங்குவானா? என் முழங்காலைப் பற்றி விசாரிப்பானா? என் பிள்ளைகள் கூப்பிட்டு எத்தனை வருஷம் ஆகிறது. டேனியல் தினமும் சாயங்காலம் கூப்பிடுகிறார்.

இதைக் கர்ட்டிஸிடம் சொன்னேன். அத்தனை நாளில் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினான். "பெரியவரே, அவன் திருடன்! பாங்க்ல இருந்து அப்படிக் கேக்கவே மாட்டாங்க. உடனே அட்டையை முடக்குங்க. என்னை அப்புறமா விடுங்க, பரவாயில்ல, முதல்ல அதைச் செய்யுங்க!"

பார்த்தாயா? எண் இன்னொருவருக்குத் தெரிந்ததும் அவனுக்குப் பொறுக்கவில்லை. தனக்கு மட்டுமே இருக்கவேண்டும் என்று நினைத்திருக்கிறான். அன்றைக்குத்தான் அவன் பூட்ஸைக் கழற்றி எடுத்துக்கொண்டேன். அவ்வளவு ஆத்திரத்தோடு பனியில் ஓடினால் வழுக்கி விழுவான்.

அப்புறம் அந்தப் பெரிய பனிப்புயல். என் முழங்கால் வீங்கிவிட்டது, ஏரிக்குப் போக முடியவில்லை. அடுப்புக்கு எரிவாயு தீர்ந்திருக்கிறது. குளிரில் உறைந்துபோன அவன் கால் விரல்கள் சிலவற்றை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள் என்று நீதான் சொன்னாய். வருத்தம்தான். புயலை நான் வரவழைக்கவில்லை.

மார்ச்சில், பனி உருகுமுன் எடுக்கச் சொல்லி வைத்த கெடுவுக்குள் குடிலை ஏரியிலிருந்து எடுக்கவில்லை என்று அபராதம் போடத்தான் உங்கள் ஆட்கள் வந்தார்கள். கதவைத் திறந்ததும் கர்ட்டிஸ் அவர்களிடம், "தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோங்க" என்றானாம். அவன் நல்லவன்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை.

இப்போது என் கணக்கில் ஒரு காசு இல்லை என்கிறாய். நான் சொன்னேனா இல்லையா? அவனை வெளியே விட்டீர்கள், பணம் போய்விட்டது. ஜனவரியிலேயே போய்விட்டது என்று நீ காட்டுகிற பாங்க் காகிதத்தில் இருந்தால் காகிதம் தப்பு. ஜனவரியில் அவன் என் பூட்டுக்குள் இருந்தான். இந்த உலகத்தில் அந்த எண் தெரிந்த ஒரே ஆள் அவன்தான்.

எழுதி முடித்துவிட்டாயா? போனைக் கொஞ்சம் கொடு, தம்பி. டேனியல் கூப்பிடும் நேரம். கர்ட்டிஸ் வெளியே வந்துவிட்டான் என்று அவரை எச்சரிக்க வேண்டும். பாங்க் அனுப்பியிருக்கிற புது அட்டையின் எண்ணையும் கேட்டிருந்தார்.