மாப்பிள்ளையை விசாரித்த விதம்

பகல் பயணத்துக்கு எலுமிச்சை சாதம்தான் தோது. தயிர்சாதம் பதினோரு மணிக்கே புளித்துவிடும். சாம்பார் சாதம் சாப்பிட்டால் ஈரப் பாறையில் இறங்கும்போது வயிறு கனக்கும். இவ்வளவு சின்ன விஷயத்தில்கூட நான் கவனமாக இருப்பவன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா. வல்லரசு இறந்தது பற்றிய உங்கள் அறிக்கையில் ‘சக்கரபாணியின் கவனக்குறைவால்’ என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரி என்னை மிகவும் வருத்திவிட்டது. அதை மாற்றத்தான் இதை என் கைப்பட எழுதித் தருகிறேன்.

செங்கம் ரோட்டில், ஆசிரமம் தாண்டி ஒரு மாடி அறையில் என் அலுவலகம். வெளியூர்க்காரர்களை ஜவ்வாது மலைக்கு அழைத்துப்போய், ஓடை அருவியாய் விழுகிற பாறைகளில் கயிறு கட்டி, தண்ணீரோடு தண்ணீராக இறக்கிக் கூட்டி வருவது என் தொழில். அடி அண்ணாமலை வல்லரசு போன வருஷம் என்னிடம் வேலைக்குச் சேர்ந்தான். என் தங்கை கவிநிலாவுக்கு அவனைப் பிடித்துப்போனது. நிச்சயம் முடிந்து, தை பிறந்ததும் கல்யாணம் என்று நாளும் குறித்தாயிற்று. எங்களுடையது அப்பா இல்லாத வீடு. பெண் கொடுக்குமுன் பையனை விசாரிக்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது.

நான் அதை ஒப்புக்குச் செய்யவில்லை. அவன் தெரு டீக்கடையில் மூன்று நாள் உட்கார்ந்தேன். பால் சொசைட்டியில் கேட்டேன். அவன் முன்பு வேலை பார்த்த மெக்கானிக் கடையில், ஒரு கோளாறும் இல்லாத வண்டியை விட்டுவிட்டுப் பேச்சுக் கொடுத்தேன். பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்தில் அவனுக்குத் தெரியாமல் பின்னாலேயே நடந்தேன். காணாமல் போன ஒரு குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு அதன் அம்மாவைத் தேடி அலைந்துகொண்டிருந்தான். சார்ஜில் கிடந்த அவன் போனைத் திறந்து படங்களைப் பார்த்தேன். அவன் வீட்டுப் பசுமாடும் என் தங்கையும்தான் மாறி மாறி இருந்தார்கள். எல்லோரும் ‘தங்கமான பையன்’ என்றார்கள். ஒரு ஆள்கூட ஒரு குறை சொல்லவில்லை. அங்கேதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. என்னைப் பற்றி எங்கள் ஊர் கீழ்பென்னாத்தூரில் விசாரித்தால் நாலு பேராவது நாலு விதமாகச் சொல்வார்கள். மனுஷன் என்றால் அப்படித்தான் இருக்கும்.

கடைசியில் ஒரு குறையை நானே கண்டுபிடித்தேன். எங்கள் தொழிலில் ஒருவன் கட்டினால் இன்னொருவன் சரிபார்க்க வேண்டும். வேறு யார் கட்டினாலும் வல்லரசு முடிச்சை இழுத்துப் பார்ப்பான். நான் கட்டியதை மட்டும் பார்க்கமாட்டான். மற்றவர்கள் இதை மரியாதை என்பார்கள். எனக்கு அசட்டை என்று பட்டது. தன் உயிர் விஷயத்திலேயே இப்படி இருப்பவன் என் தங்கையை எப்படிப் பார்த்துக்கொள்வான்?

தீபம் முடிந்து மூன்றாவது வாரம். மழை ஓய்ந்து, இறங்கத் தோதான அளவுக்கு ஓடையில் தண்ணீர் இருந்தது. புது வழி ஒன்றை வாடிக்கையாளர்களுக்குத் திறக்குமுன் நாங்கள் இருவர் மட்டும் வெள்ளோட்டம் போவதாகத் திட்டம். காலை ஐந்துக்குக் கிளம்பிப் போளூர் வழியாக எட்டுக்குள் மலை மேல். மூன்று இறக்கங்கள். நாலு மணிக்குள் வண்டிக்குத் திரும்புதல். முதல் இரண்டும் பதினைந்து மீட்டருக்குள், மூன்றாவது இருபத்தெட்டு. இறங்கியபின் கீழிருந்து உருவி எடுக்க வசதியாகக் கயிற்றை இரண்டாக மடித்துத்தான் தொங்கவிடுவோம். ‘அறுபது மீட்டர் கயிறு, இரண்டாக மடித்தால் முப்பது’ என்று திட்டத் தாளில் எழுதினேன். அந்தக் கயிறு பாறையில் உரசிப் பிய்ந்ததால், முந்தின வாரமே இருபது மீட்டரை நான் வெட்டி எடுத்திருந்தேன்; மடித்தால் இனி இருபதுதான் எட்டும். அதைத் தாளில் எழுதவில்லை. இது மறதி அல்ல, ஐயா.

கயிறு எட்டாவிட்டாலும் ஆபத்தில்லை. முனையில் பெரிய முடிச்சு இருந்தால் இறங்குகிறவன் அதில் தட்டி நின்றுவிடுவான். முதல் இரண்டு இறக்கங்களிலும் முடிச்சுப் போட்டேன். மூன்றாவதில் போடவில்லை. முனையைக் கையில் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும், அரை நிமிஷ வேலை. அதுதான் நான் வைத்த பரீட்சை.

“முனையைப் பாத்துக்கோங்க மாப்ள” என்றேன். இதை நான் சொன்னேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

“நீங்க கட்டுனதை நான் வேற பாக்கணுமா மச்சான்? அது ரொம்ப ஜாஸ்திங்க” என்று சிரித்தபடி கயிற்றைக் கீழே வீசினான். முனை சாரலுக்குள் போய்விட்டது.

அருவிச் சத்தத்தில் குரல் கேட்காது. ஒரு நீள விசில் அடித்தால் அப்படியே நிற்க வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. விசில் என் வாயில்தான் இருந்தது. பத்து மீட்டரில் அவன் ஒருமுறை நிமிர்ந்து கையாட்டினான். பிறகு சாரலில் மறைந்தான். இப்போதாவது குனிந்து பார்த்து நிற்பானா என்று கயிற்றையே கவனித்துக்கொண்டிருந்தேன். நின்றிருந்தால் என் தங்கையைச் சந்தோஷமாகக் கொடுத்திருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன். கயிறு லேசானது.

நான் எப்படி இறங்கினேன் என்று நீங்கள் கேட்கவே இல்லை. கேட்டிருக்க வேண்டும். என் பையில் இன்னொரு கயிறு இருந்தது, முழு நீளம். அதன் முனையில் முடிச்சுப் போட்டு, இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு இறங்கினேன். அவன் கீழே பாறையில் கிடந்தான். மூச்சில்லை. ஹெல்மெட்டைச் சரியாகத்தான் மாட்டியிருந்தான்.

கவிநிலா இப்போது என்னோடு பேசுவதில்லை. அது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றை மறைத்தால் இந்த வாக்குமூலம் முழுதாகாது. அன்று காலை சாதத்தைக் கட்டிக் கொடுக்கும்போது அவள் சொன்னாள்: “நீ விசாரிச்சது போதும்ணா. நானும் அவரு கிட்ட உன்னைப் பத்தி விசாரிச்சேன். ‘உங்கண்ணன் கட்டுன கயித்துல கண்ணை மூடிக்கினு இறங்குவேன்’னு சொன்னாரு.”

ஆகவே, அவன் பார்க்கமாட்டான் என்று எனக்கு முன்பே தெரியும். இருந்தாலும் ஐயா, வாய்ச்சொல்லை நம்பிப் பெண் கொடுக்க முடியுமா? நேரில் ஒருமுறை பார்த்துவிட வேண்டாமா?