ஆரஞ்சுக்கு எடுத்த படம்

— மறுபடியும் இதே பாட்டிலையா படுக்க வெக்கணும் மாமா?

— அதையே வை வாலு. பேஷன்ட் பேரு?

— பாட்டில். வயசு தெரியல. காலையிலேர்ந்து இந்தத் தண்ணி பாட்டிலுக்கு ஸ்கேன் எடுத்து எடுத்து எனக்குத் தாகமே விட்டுப்போச்சு.

— கேளேன், வேல நாள்ல இந்த ஸ்கேன் ரூம்ல சாயங்காலம் வரைக்கும் எத்தனை படம் ஓடுமோ, அத்தனையும் இன்னிக்கு ஓடணும். காலையில எடுத்த படத்துல ஒரு கோளாறும் வந்ததில்லன்னு நீதானே சொன்னே?

— ஆமா. அந்த டெய்லர் வந்தது சாயங்காலம்தான். அவர் பேருல இருந்த படத்த டாக்டர் திறந்து பாத்தா வேற யாரோட நெஞ்சோ இருக்கு. நல்லவேளை, சின்ன வயசுல ஒடஞ்சு கோணலா ஒட்டின விலா எலும்பு அவருக்கு. அது படத்துல இல்லன்னதும் டாக்டர் உஷாராயிட்டார். இல்லன்னா கத்தியே வெச்சிருப்பாங்க.

— பழி உன் தலையில.

— வேற யார் தலையில விழும்? பேர மாத்திப் போட்டுட்டேன்னு மேனேஜர் ஒரே பிடியா நிக்கறார். நாளைக்கு விசாரணை. இந்த வேல போனா, இனிமே எந்த ஆஸ்பத்திரியிலயும் என்னை மெஷின் பக்கம் விட மாட்டாங்க மாமா. அதுகூடப் போகட்டும். ராத்திரி படுத்தா, நானே மாத்திட்டேனோன்னு தோணுது. என் கண்ணையே நம்ப முடியல.

— சீ, அழாத. உங்க அக்கா போன் அடிக்கிறா பாரு.

— நீங்களே பேசுங்க. என் குரலக் கேட்டா கண்டுபிடிச்சிடுவா.

— ஹலோ... சாப்டோம், சாப்டோம். உன் தங்கச்சி பாட்டிலுக்கு வைத்தியம் பாக்கறா... சிரிக்காதடி, சிரிச்சா இருமல் வருதில்ல... சரி, வெந்நீர் குடி. வெச்சிடறேன்.

— இன்னுமா இருமுறா?

— தூசிதான். அதான் நீயே படம் எடுத்து, ஒண்ணுமில்லன்னு வந்தாச்சே. அன்னிக்குத்தான் நான் நிம்மதியா தூங்கினேன். அந்த நன்றிக்குத்தான் லீவு நாள்லயும் என் கம்ப்யூட்டர் வேலைய ஓசியில பாக்க வந்து ஒக்காந்திருக்கேன், தெரிஞ்சுக்கோ. போதும், பாட்டில டிஸ்சார்ஜ் பண்ணு. வேற எதாவது இருக்கா?

— மதியம் திங்காம வெச்ச ஆரஞ்சு இருக்கு.

— பேரு ஆரஞ்சுன்னே போடு. எடு.

— எடுத்தாச்சு. திரையில பாருங்களேன், சுளை சுளையா எவ்வளவு அழகா தெரியுது!

— இப்ப இத மூடு. டாக்டர் ரூம்ல திறக்கற மாதிரி டிஸ்க்லேர்ந்து திற.

— மாமா... பேரு ஆரஞ்சுதான். படம் பாட்டில்!

— மாட்டிக்கிட்டான்யா!

— ஐயோ, நான் எதையும் மாத்தல! சத்தியமா இந்தக் கையாலதான் ஆரஞ்ச வெச்சேன்!

— நானும்தான் பாத்தேனே. கேளேன், படத்த டிஸ்க்ல எழுதறது, போன மாசம் கம்ப்யூட்டருக்குள்ள மாட்டினாங்களே, அந்தப் புது கார்டு. மெமரில படம் எங்க கெடக்குன்னு அதுக்குத் தானாத் தெரியாது. இந்தக் கம்ப்யூட்டர ஓட்டற லினக்ஸ்ல, கார்டுக்குன்னே எழுதின டிரைவர் புரோகிராம்தான் இடம் குறிச்சுக் கொடுக்கணும். கடை வாசல்ல பையக் கொடுத்துட்டு டோக்கன் வாங்கறோமில்ல, அப்படி. வேல முடிஞ்சதும் டோக்கனத் திருப்பிக் கொடுக்கணும். இந்த டிரைவர எழுதின புண்ணியவான் அத மறந்துட்டான்.

— சாயங்காலத்துக்குள்ள டோக்கன் தீந்துடுமே?

— தீந்துடுது. இனிமே இல்லன்னு, டோக்கன் கொடுக்கற கர்னல், அதான் லினக்ஸோட நடு மூளை, கத்தவும் செய்யுது. இந்த டிரைவர் பய காதுலயே போட்டுக்கல. கையில கெடந்த பழைய டோக்கன கார்டுகிட்ட நீட்டிடறான். அதுவும் சமத்தா போய், முன்னாடி வந்தவங்க படத்த எடுத்து இவங்க பேருல எழுதிடுது.

— காலையில மெஷினப் போடும்போது?

— எல்லா டோக்கனும் திரும்பி வந்துடும். அதான் யாருக்கும் பிடிபடல. இரு, ரெண்டு இடத்துல திருத்தினாப் போதும். நாளைக்கு மேனேஜர் கண்ணு முன்னாடியே, ஆரஞ்சு பேருல பாட்டில் விழுந்திருக்கறதத் திறந்து காட்டு. புது கார்டு வந்ததுலேர்ந்து சாயங்காலம் எடுத்த படம் எல்லாத்தையும் மறுபடி எடுக்கணும்னு சொல்லு. உன் கண்ணு ஒரு தப்பும் பண்ணல. திரையில நீ பாத்ததுதான் நெஜம், டிஸ்க்ல போனதுதான் பொய்... என்ன வாலு? சிரிக்க வேண்டிய நேரத்துல மூஞ்சி வெளுத்துப் போச்சு?

— அக்காவ வரிசையில காக்க வெக்க வேணாம்னு, எல்லாரும் போனப்புறம் கடைசி ஆளாத்தானே கூட்டிட்டுப் போனேன்.

— அது... கார்டு மாத்தறதுக்கு முன்னாடிதானே?

— இல்ல மாமா. போன வாரம்.

— சரி. பதறாத. நான் பதறல, பாரு. திருத்தி முடிச்சதும் அவளக் கூட்டிட்டு வரேன், இன்னிக்கே எடுத்துடலாம். அன்னிக்குத் திரையில நீ பாத்திருப்பியே... நல்லாத்தானே இருந்துது?

— ஓரமா ஒரு சின்ன நிழல் இருந்துது மாமா. டாக்டர் ஒண்ணுமில்லன்னதும், என் கண்ணுதான் கோளாறுன்னு விட்டுட்டேன்.